புத்தகத்தில் ஸ்டூல் இல்லை

(எபிசோடின் எழுத்து வடிவம். இழுவைகளையும் "ம்ம்"களையும் மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இன்றைய எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை இருக்கு. மனசுக்குள்ளேயே செஞ்சா போதும். பஸ்ல தொங்கிக்கிட்டு இருக்கிறவங்க, சிக்னல்ல நிக்கிறவங்க, யாரும் எதையும் தேட வேண்டாம்.

ஒரு லிட்டர் தண்ணி பாட்டில். மூடியைக் கழட்டியாச்சு. பாட்டில் மேசை மேல நிக்குது. அடியிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணி. பக்கவாட்டில் ஒரே அளவில் மூன்று ஓட்டைகள். ஒன்று மேசையிலிருந்து 5 செ.மீ. உயரத்தில், அடுத்தது 10-ல், மூன்றாவது 15-ல். தண்ணி குறையக் குறைய மேலே மக்கில் ஊத்திக்கிட்டே இருக்கோம், அதனால மட்டம் இறங்கல. இப்போ மூணு ஓட்டையையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டா, எந்த ஓட்டைத் தண்ணி மேசையில் ரொம்ப தூரம் போய் விழும்?

முடிவு பண்ணிட்டீங்களா? மாத்தக் கூடாது. முடிஞ்சா பக்கத்துல இருக்கிறவங்ககிட்டயும் சொல்லிடுங்க, அப்போதான் பின்னாடி "நான் அப்பவே நினைச்சேன்"னு தப்பிக்க முடியாது.

உங்களில் நிறைய பேர் "கீழ் ஓட்டை"னு சொல்லியிருப்பீங்க. அதுக்குக் காரணம் இருக்கு. பள்ளிக்கூடத்தில் திரவ அழுத்தம் பாடத்தில் ஒரு படம் வரும். ஒரு பாத்திரம், மூன்று ஓட்டை, மேலிருந்து வர்றது பக்கத்திலேயே விழும், நடுவிலிருந்து வர்றது கொஞ்சம் தள்ளி, கீழிருந்து வர்றது எல்லாத்தையும் தாண்டிப் போய் விழும். பல நாட்டுப் பாடப்புத்தகங்களில் பல தலைமுறையா இந்தப் படம் இருக்கு. கீழே "ஆழம் அதிகரிக்க அழுத்தம் அதிகரிக்கும்" என்று ஒரு வரி. வரைந்தால் மார்க்.

அந்த வரி சரி. நம்ம மேசைக்கு அந்தப் படம் தப்பு.

கணக்கு போட்டுப் பார்ப்போம், பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்தான். ஓட்டையிலிருந்து தண்ணி வெளியே வர்ற வேகம், அந்த ஓட்டைக்கு மேலே எவ்வளவு தண்ணி நிக்குதுங்கிறதைப் பொறுத்தது. இதை 17-ம் நூற்றாண்டிலேயே டாரிசெல்லி சொல்லிட்டார். கீழ் ஓட்டைக்கு மேலே 15 செ.மீ. தண்ணி நிக்குது, வேகம் விநாடிக்குச் சுமார் 1.7 மீட்டர். மேல் ஓட்டைக்கு மேலே 5 செ.மீ.தான், வேகம் சுமார் 1 மீட்டர். இதுவரைக்கும் கீழ் ஓட்டைதான் ஹீரோ. ஆனா தூரம் போகணும்னா வேகம் மட்டும் போதாது. காத்துல இருக்கிறதுக்கு நேரமும் வேணும். கீழ் ஓட்டைத் தண்ணி 5 செ.மீ. இறங்கினா மேசை வந்துடுது, கையில் இருக்கிற நேரம் 0.1 விநாடி. மேல் ஓட்டைத் தண்ணிக்கு 0.17 விநாடிக்கு மேல கிடைக்குது. வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினா ரெண்டும் ஒரே இடத்துல வந்து நிக்குது, 17 செ.மீ. சொச்சம். நடு ஓட்டை? 20 செ.மீ.

ஆக, ஜெயிக்கிறது நடு ஓட்டை. மேலும் கீழும் சமம். நிஜ பாட்டிலில் ஓட்டையோட விளிம்பு, உராய்வு எல்லாம் சேர்ந்து ஒவ்வொண்ணும் கொஞ்சம் குறையும். ஆனா நடுவில் இருக்கிறது முந்துறது கண்ணுக்கு நல்லாவே தெரியும்.

இன்னிக்கு நான் பேசப் போறது காலி பாட்டில், ஊக்கு, தீக்குச்சி, பூட்டு மாதிரி சாமான்களை வெச்சு இயற்பியல் சொல்லித்தர்றதைப் பத்தி. இதைப் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் "பாவம், லேப் இல்லாத பள்ளிக்கூடத்துக்கு ஒரு மாற்று"ங்கிற தொனியில் பேசுவாங்க. எனக்கு அந்தத் தொனியே பிடிக்காது. ஏன்னு சொல்றேன்.

நானும் ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரும் மாசத்துல ரெண்டு சனிக்கிழமை ஒரு அரசு நடுநிலைப் பள்ளிக்குப் போறோம். காலையில் விருப்பப்பட்டு வர்ற பிள்ளைங்க கூட ரெண்டு மணி நேரம். எட்டாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட இந்த பாட்டிலைக் கொண்டுபோனோம். சூடு பண்ணின ஆணியில் போட்ட ஓட்டை, மேல செல்லோடேப். மூணு ஓட்டையும் ஒண்ணுக்கு நேர் கீழ ஒண்ணு இருந்தா தாரை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து குழப்பிடும், அதனால கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தோம். திறக்கிறதுக்கு முன்னாடி ஓட்டெடுப்பு. ரெண்டு மூணு பேரைத் தவிர எல்லாரும் கீழ் ஓட்டை. டேப்பை உரிச்சோம். நடு ஓட்டைத் தண்ணி முந்திப் போய் விழுந்துச்சு.

அடுத்து வந்த சத்தம்தான் என்னை யோசிக்க வெச்சது. "அண்ணா, பாட்டில் சரியில்லண்ணா." இன்னொருத்தன், "ஓட்டை கோணலா இருக்குண்ணா." கண்ணு முன்னாடி தண்ணி விழுது. முப்பது பேர் பார்க்கிறாங்க. ஆனா ஒருத்தர்கூட "படம் தப்பா இருக்குமோ"னு கேக்கல. பாட்டில் தப்பு, ஓட்டை தப்பு, அண்ணன்மார் தப்பு.

நம்ம தொழிலில் இதை வேற மாதிரி சொல்லுவோம். டாக்குமெண்டேஷன் ஒண்ணு சொல்லுது, கோட் வேற ஒண்ணு செய்யுது. சர்வர் விழுந்து கிடக்கும்போது எவனாவது டாக்குமெண்டைக் காட்டி "இல்ல சார், இது விழக் கூடாது"னு வாதாடினா அவனை என்ன பண்ணுவோம்? ஆனா எட்டாம் வகுப்புக்குள்ளேயே அந்தப் பழக்கம் ஊறிடுது.

சரி, பாட்டில் தப்புன்னா மாத்திப் பாருங்கன்னு விட்டுட்டோம். விலையில்லாத சாமானோட அருமை அங்கதான். இன்னொரு பாட்டில் எடுத்தாங்க, இன்னொரு ஆணி. ஒரு குரூப் ஓட்டையைப் பெருசா போட்டாங்க. ஒரு குரூப் நாலு ஓட்டை போட்டாங்க. உடைஞ்சா யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், அபராதம் கட்ட வேண்டாம். முக்கால் மணி நேரத்துல வகுப்பறை குளம் ஆயிடுச்சு, ஆனா நடு ஓட்டை முந்துறது மட்டும் மாறல.

அப்புறம் ஒரு பையன் மேசையில் தண்ணி நிக்குதுன்னு பாட்டிலைத் தூக்கி ஸ்டூல் மேல, ஓரமா வெச்சான். தண்ணி இப்போ ஸ்டூலைத் தாண்டித் தரையில் விழுது. பார்த்தா, புத்தகத்துப் படம்! கீழ் ஓட்டைதான் தூரமா போகுது. காரணம் இப்போ உங்களுக்கே தெரியும். தரை ரொம்பக் கீழே போயிட்டதால கீழ் ஓட்டைத் தண்ணிக்கும் விழுறதுக்கு நேரம் கிடைச்சிடுச்சு. ஸ்டூல் 30 செ.மீ. உயரம்னு வெச்சுக்கிட்டா கணக்குப்படி கீழ் ஓட்டை 46 செ.மீ., நடு 40, மேல் 30. அந்தப் பையன் ரொம்ப சாதாரணமா ஒரு தீர்ப்பு சொன்னான். "புத்தகத்துல ஸ்டூலை வரையாம விட்டுட்டாங்க, அவ்ளோதாண்ணா."

அடுத்த கேள்வி முன் வரிசையில் இருந்த பொண்ணுகிட்டேயிருந்து வந்துச்சு. "அப்போ பரீட்சைல எப்படிண்ணா வரையணும்?"

எங்க மூணு பேர்கிட்டேயும் பதில் இல்ல. "உண்மையை வரைம்மா"ன்னு சொல்லிட்டு நாங்க பைக்கை எடுத்துக்கிட்டுப் போயிடலாம். மார்க் போறது அவளுக்கு. அங்க இருந்த அறிவியல் டீச்சர்தான் பதில் சொன்னாங்க. "புத்தகத்துல இருக்கிற மாதிரியே வரை. பாத்திரத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலையும் சேர்த்து வரைஞ்சிடு." மார்க்கும் போகாது, பொய்யும் இல்ல. இருபது வருஷம் அந்த வேலையில் இருக்கிற ஒருத்தருக்குத்தான் அப்படித் தோணும்.

ஆனா அந்தக் கேள்வி பெரிய கேள்வி. சாமான் விலை எவ்வளவுங்கிறது இதுல பிரச்சினையே இல்ல. பார்த்ததை எழுதினா மார்க் கிடைக்குமாங்கிறதுதான் பிரச்சினை. நம்ம நாட்டுல ஒரு இடத்துல இந்தக் கேள்வியை நிஜமாவே எடுத்து, முப்பது வருஷம் அதுக்குப் பதில் தேடியிருக்காங்க. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமா சொல்லணும்.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டம், இன்றைய பெயர் நர்மதாபுரம். 1972-ல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. தொடங்கியவை கிஷோர் பாரதி, ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டர் என்று இரண்டு சிறிய அமைப்புகள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்திலிருந்தும் டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆட்கள் வந்து, கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடங்களைச் செய்து பார்த்து எழுதினார்கள். 1978-ல் மாவட்டத்தின் அரசு நடுநிலைப் பள்ளிகள் முழுவதற்கும் திட்டம் போனது. 1982-ல் இதைத் தொடர்ந்து நடத்த ஏகலவ்யா என்ற அமைப்பு உருவானது. புத்தகத்தின் பெயர் 'பால் வைக்யானிக்', நம்ம பாஷையில் குட்டி விஞ்ஞானி. அந்தப் புத்தகத்தில் சோதனை செய்யும் முறை இருக்கும், கேள்விகள் இருக்கும், விடை இருக்காது. செய்து பார்த்தால்தான் விடை.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பரீட்சை. பரீட்சை ஹாலுக்குள்ளே புத்தகத்தையும் நோட்டையும் கொண்டுபோகலாம். மனப்பாடம் செய்தவனுக்கு அங்கே எந்தப் பயனும் கிடையாது. கூடவே செய்முறைத் தேர்வு. அதாவது நம்ம எட்டாம் வகுப்புப் பொண்ணோட கேள்விக்கு அங்கே பதில் இருந்துச்சு: நீ பார்த்ததை எழுது, அதுக்குத்தான் மார்க்.

சவாலிராம்னு ஒரு ஆள் இருந்தார். சரியா சொன்னா, இல்லாத ஆள். கற்பனைப் பாத்திரம். பிள்ளைங்க தங்களுக்கு வர்ற சந்தேகத்தையெல்லாம் சவாலிராமுக்குக் கடிதமா எழுதுவாங்க, அவர் பேர்ல பதில் வரும். இன்டர்நெட் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, ஒரு கிராமத்துப் பிள்ளை கேள்வி கேட்டா அதை மதிச்சு பதில் எழுத ஒரு முகவரி இருந்திருக்கு.

1978-ல் அங்கே போன ஒரு இன்ஜினியரைப் பத்தியும் சொல்லணும். அரவிந்த் குப்தா. 1975-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் எலக்ட்ரிகல் முடித்தவர், புனேயில் லாரி தயாரிக்கிற கம்பெனியில் வேலை. விடுப்பு எடுத்துக்கிட்டு ஹோஷங்காபாத் வந்தார். அங்கே அவர் கையில் சிக்கியது சைக்கிள் வால்வுக்குள்ள போடுற மெல்லிய ரப்பர் குழாய். நம்ம ஊர் சைக்கிள் கடையில் வால்டியூப்னு கேட்டா கொடுப்பாங்க. அதைச் சின்னத் துண்டா வெட்டி ரெண்டு பக்கமும் தீக்குச்சியைச் சொருகினா ஒரு மூட்டு. மூணு குச்சி, மூணு துண்டு, முக்கோணம் ரெடி. அதை அமுக்கிப் பாருங்க, அசையாது. நாலு குச்சியில் சதுரம் செஞ்சு அமுக்குங்க, உடனே சாய்ஞ்சு படுத்துடும். சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வெச்சா எழுந்து நின்னுடும். இப்போ ஜன்னலுக்கு வெளியே செல்போன் டவரைப் பாருங்க, ஹை டென்ஷன் டவரைப் பாருங்க, பழைய ரயில்வே பாலத்தைப் பாருங்க. எங்கே பார்த்தாலும் முக்கோணமா இருக்கிறது ஏன்னு இனிமே யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. அந்த ரப்பர் துண்டுலயிருந்து ஆரம்பிச்சவர், வாழ்நாள் முழுக்கக் குப்பைலயிருந்து பொம்மை செஞ்சுக்கிட்டே இருந்தார். 2018-ல் பத்மஸ்ரீ. அவரோட வலைத்தளத்துல செய்முறைகளும் புத்தகங்களும் இலவசமா கிடைக்குது, தமிழ்க் குரலோட வீடியோக்களும் இருக்கு.

ஹோஷங்காபாத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு மூடிடுச்சு. முப்பது வருஷம் ஓடினது, தீக்குச்சி கிடைக்காததால நிக்கல. இதைப் படிக்கிறப்போ எனக்குத் தோணுறது: மலிவான சாமானைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுபோறது சுலபம். அதை வெச்சுப் பிள்ளை கண்டுபிடிச்சதுக்குப் பரீட்சையில் இடம் கொடுக்கிறது கஷ்டம். முதல் பாதியை மட்டும் செஞ்சிட்டு நாம எல்லாரும் கைதட்டிக்கிறோம்.

இந்த யோசனை நம்ம நாட்டுல மட்டும் பிறந்ததில்ல, சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு பள்ளிக்கூடங்கள் இடிஞ்சு கிடந்தப்போ, லேப் இல்லாத ஆசிரியர்களுக்காக யுனெஸ்கோ 1948-ல் ஒரு சின்னக் கையேடு போட்டுச்சு. அது வளர்ந்து 1956-ல் அறிவியல் ஆசிரியர்களுக்கான பெரிய மூலநூலா வந்தது. இன்னிக்கும் யூடியூப்ல "வீட்டிலேயே அறிவியல்"னு பார்க்கிறதுல நிறைய அந்தப் புத்தகத்துலயே இருக்கும்.

யூடியூப்னு சொன்னதும் ஒரு வம்பு ஞாபகம் வருது. மெழுகுவத்தி சோதனை. நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. தட்டுல தண்ணி, நடுவுல எரியற மெழுகுவத்தி, மேல கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தா மெழுகுவத்தி அணையும், தண்ணி டம்ளருக்குள்ள ஏறும். உடனே ஒரு விளக்கம் வரும்: "ஆக்ஸிஜன் எரிஞ்சு தீர்ந்துபோச்சு, காத்துல ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அதனால ஐந்தில் ஒரு பங்கு தண்ணி ஏறுது." கேக்க எவ்வளவு அழகா இருக்கு! கைதட்டல், லைக், அடுத்த வீடியோ.

அந்த விளக்கத்தை ரெண்டு மெழுகுவத்தி செலவுல விசாரிக்கலாம். அதே டம்ளருக்குள்ள ஒண்ணுக்குப் பதிலா மூணு சின்ன மெழுகுவத்தி வைங்க. டம்ளர் அதேதான், உள்ளே இருக்கிற ஆக்ஸிஜனும் ஏறக்குறைய அவ்வளவுதான். விளக்கம் சரியா இருந்தா தண்ணி அதே உயரம்தான் ஏறணும். செஞ்சு பாருங்க, கூட ஏறும். இன்னொண்ணு, எப்போ ஏறுதுன்னு கவனிங்க. எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது மெதுவா ஏறாது. அணைஞ்ச பிறகுதான் சட்டுனு ஏறும். ஏன்னா நடக்கிற பெரிய விஷயம் சூடு. தீ, டம்ளர்ல இருக்கிற காத்தைச் சூடாக்கி விரிய வைக்குது, கொஞ்சம் காத்து விளிம்பு வழியா வெளியே போயிடுது. தண்ணில ஒரு சொட்டு சோப்பு விட்டிருந்தா அந்தக் குமிழி நல்லாத் தெரியும். தீ அணைஞ்சதும் மிச்சக் காத்து குளிர்ந்து சுருங்குது, வெளிக்காத்தோட அழுத்தம் தண்ணியை உள்ளே தள்ளுது. ஆக்ஸிஜன் குறையறதுக்கும் சின்னப் பங்கு உண்டு, ஆனா அது முழுசாத் தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மெழுகுவத்தி அணைஞ்சுடும்.

அதனாலதான் "மேஜிக் மாதிரி அறிவியல்"னு யாராவது பள்ளிக்கூடத்துல ஷோ நடத்தினா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். மேஜிக்ல பார்க்கிறவன் வாயைப் பிளக்கணும், அவ்வளவுதான். மூணாவது மெழுகுவத்தியை வெச்சுப் பார்க்கலாமான்னு அவன் கேட்டா ஷோ கெட்டுப்போகும். எங்க சனிக்கிழமைகளில் ஒரே ஒரு விதி வெச்சிருக்கோம். என்ன நடக்கும்னு ஒவ்வொரு பிள்ளையும் நோட்டுல எழுதினதுக்கு அப்புறம்தான் தீப்பெட்டியைத் தொடுவோம். எழுதினவன் சும்மா வேடிக்கை பார்க்க மாட்டான். அவனோட கட்சி ஜெயிக்குதா தோக்குதான்னு பார்ப்பான்.

மறுபக்கம், காசு செலவு பண்ணிக் கட்டின லேப்ல என்ன நடக்குதுன்னும் பார்க்கணும். பன்னிரண்டாம் வகுப்பு ப்ராக்டிகலையும் இன்ஜினியரிங் முதல் வருஷ லேபையும் தாண்டி வந்தவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஊசலை வெச்சு g கண்டுபிடிக்கணும். விடை 9.8-னு உலகத்துக்கே தெரியும். அதனால விடையிலிருந்து பின்னாடி நடந்து ரீடிங்கை வரவைக்கிற கலை தலைமுறை தலைமுறையா கைமாறுது. ரெக்கார்ட் நோட்டுல எல்லாம் 9.79, 9.81, 9.80. சீனியர் நோட்டுலயும் அதே. ஊசல் பாட்டுக்கு ஓரமா தொங்கிக்கிட்டிருக்கும்.

வீட்டுல ஒரு பூட்டையும் நூலையும் எடுங்க. கதவு நிலையில் ஆணி இருந்தா அதுல கட்டித் தொங்க விடுங்க. ஆணியிலிருந்து பூட்டோட நடு வரைக்கும் சரியா 1 மீட்டர். லேசா இழுத்து விட்டு 20 முழு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம்னு மொபைல்ல பாருங்க. 40 விநாடியும் கொஞ்சமும் வரணும். சென்னையில் g 9.78. உங்களுக்கு 9.5 வந்துச்சுன்னு வைங்க. ரெக்கார்ட் நோட்டா இருந்தா அந்த 9.5 விடியறதுக்குள்ள 9.8 ஆகியிருக்கும். ஆனா 9.5-க்குள்ளதான் பாடமே இருக்கு. நூலை பூட்டோட மேல் வளைவு வரைக்கும் மட்டும் அளந்தீங்களா? பூட்டோட நடு 2 செ.மீ. கீழே இருந்தா g-ல் 2 சதவீதம் அங்கேயே போச்சு. ஸ்டாப்வாட்சை அமுக்குறதுல அரை விநாடிக்குக் கொஞ்சம் கம்மியா தவறினீங்களா? இன்னொரு 2 சதவீதம். ஆசையா 30 டிகிரி இழுத்து விட்டீங்களா? பாடத்துல இருக்கிற சூத்திரம் சின்னக் கோணத்துக்கு மட்டும்தான். 30 டிகிரியில் ஆட்டத்தோட நேரம் 1.7 சதவீதம் கூடும், g கிட்டத்தட்ட 9.5-க்கு வந்து உட்காரும். "சிறிய கோணம்"ங்கிற ரெண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ஒரு பூட்டு சொல்லிக்கொடுத்துடும்.

எண்ணைத் திருத்தினவனுக்கு இது மூணுமே தெரியாது. அவன்தான் நாளைக்குப் பாலத்துல லோடு டெஸ்ட் ரீடிங் எடுக்கிறான், மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிறான், நம்ம டீம்ல மாடல் அக்யூரசி ரிப்போர்ட் போடுறான். எனக்கு இதுல இருக்கிற கவலை அதுதான்.

மோட்டாரைச் சொல்லாம விட்டா நண்பர்கள் திட்டுவாங்க. ரெண்டு ஊக்கு, ஒரு பெரிய சைஸ் 1.5 வோல்ட் பேட்டரி, பழைய ஸ்பீக்கர் காந்தம், சைக்கிள் டியூப்ல வெட்டின ரப்பர் வளையம். கம்பி மட்டும் கடையில் வாங்காதீங்க. மோட்டாருக்கு காயில் கட்டுற கடையில் கேட்டா மிச்சம் விழுந்த எனாமல் பூசின செம்புக் கம்பி கிடைக்கும். பேட்டரியைச் சுத்திக் கம்பியைப் பத்துச் சுத்து சுத்தி எடுத்தா வளையம். ரெண்டு நுனியையும் ரெண்டு பக்கமும் நேரா நீட்டி விடணும். ஊக்கு ரெண்டையும் பேட்டரியோட ரெண்டு முனையில் ரப்பரால இறுக்கிக் கட்டி, ஊக்கோட துளையில் வளையத்தோட கைகளை மாட்டணும். காந்தம் கீழே.

சூட்சுமம் எனாமலைச் சுரண்டுறதுல இருக்கு. ஒரு கையில் முழுசும் சுரண்டணும். இன்னொரு கையில் மேல் பாதி மட்டும். ரெண்டையும் முழுசா சுரண்டினா வளையம் ஆடும், சுத்தாது. ஏன்னா அரைச் சுத்து போனதும் காந்தம் அதை எதிர்ப்பக்கம் இழுக்கும். பாதி எனாமலை விட்டா, அந்த அரைச் சுத்துல மின்சாரமே போகாது, வந்த வேகத்துலயே தாண்டிடும், மறுபடி மின்சாரம் பிடிக்கும், மறுபடி தள்ளும். காம்யூட்டேட்டர்னு ரெண்டு மார்க் கேள்விக்கு வரையறை எழுதின எத்தனையோ பேர் இந்தப் பாதி எனாமல் முன்னாடி உட்கார்ந்து முழிக்கிறதைப் பார்த்திருக்கேன், எங்க ஆபீஸ்லயே.

முதல் தடவை இது ஓடாது. சொல்லிடுறேன். கை நேரா இருக்காது, எனாமல் சரியா போயிருக்காது, ஊக்கு தளர்ந்திருக்கும். சுத்தாம நிக்கிற வளையத்தை அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க, பேட்டரி சூடாயிடும், எடுத்துடுங்க. எதை முதல்ல சந்தேகப்படணும், ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் எப்படி மாத்தணும்னு பிள்ளைங்க தானா பிடிச்சுக்கிறாங்க. பெட்டிக்குள்ள மூடி வர்ற ரெடிமேட் கிட் ஓடலைன்னா கையைக் கட்டிக்கிட்டு டீச்சரைப் பார்ப்பாங்க. ஊக்கு மோட்டார் ஓடலைன்னா மோட்டாரைப் பார்க்கிறாங்க.

டீச்சர்களைக் குறை சொல்லிட்டுப் போறது சுலபம். 40 நிமிஷ பீரியட், முடிக்க வேண்டிய பாடம், நடுவுல நிரப்ப வேண்டிய ஆன்லைன் பதிவேடு. அதுக்கு மேல, சோதனை எதிர்பாராத மாதிரி நடந்தா "எனக்குத் தெரியல, சேர்ந்து பார்க்கலாம்"னு முப்பது பிள்ளைங்க முன்னாடி சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். அந்தத் தைரியத்தைப் பயிற்சியில் யாரும் கொடுக்கிறதில்ல. ஹோஷங்காபாத்ல ஆசிரியர்கள் மாசாமாசம் கூடி உட்கார்ந்து, வகுப்புல என்ன சொதப்பிச்சுன்னு பேசிக்கிட்டாங்க. நம்ம பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட 'துளிர்' மாத இதழ் இருக்கு, பல வருஷமா இந்த மாதிரி விஷயங்களைத் தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்காங்க. உங்க வீட்டுல பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க இருந்தா ஒரு சந்தா போடுங்க.

சரி, நேரமாயிடுச்சு. இந்த வார வேலை: பூட்டு, நூல், ஸ்டாப்வாட்ச். உங்களுக்கு வந்த g-யை அப்படியே எங்களுக்கு அனுப்புங்க, ஒரு புள்ளியைக்கூட மாத்தாம. கூடவே நூல் எவ்வளவு நீளம், எங்கிருந்து எங்கே அளந்தீங்க, எவ்வளவு இழுத்து விட்டீங்கன்னு எழுதுங்க. முதல் தடவையிலேயே கச்சிதமா 9.80 வந்தவங்களுக்குக் கூடுதலா ஒரு கேள்வி, எத்தனை தடவை எடுத்தீங்க, மத்த ரீடிங் எல்லாம் எங்கே? அடுத்த எபிசோடுல எல்லாத்தையும் ஒரு கிராஃபா போட்டுப் பேசுவோம். வர்றேன்.